நாக்கைக் கட்டி அனுப்பிய மணிகள்

அக்காதான் ஃபோனில் சொன்னாள். "பெட்டி வந்துடுச்சு. தூக்கினா உள்ளே சலசலன்னு சத்தம் வருது. மணிதானே, அப்படித்தான் இருக்குமா?" நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. மணி குலுங்கினால் வரும் சத்தம் வேறு, உடைந்த பீங்கான் குலுங்கினால் வரும் சத்தம் வேறு. அக்கா பெட்டியை ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மெல்ல ஆட்டிக் காட்டினாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது நான் இன்னும் பயணத்தில்தான் இருந்தேன். முதல் வாரத்திலேயே வாங்கிய வெள்ளைப் பீங்கான் மணி அது. மூன்று விரல் உயரம், விளிம்பைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு, வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் மறுபக்கம் தெரியும். அத்தனை மெலிசாக இருக்கிறதே என்று பயந்து பபிள் ரேப்பை ஐந்து சுற்று சுற்றித்தான் அனுப்பியிருந்தேன். ஊர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தபோது அட்டையில் நசுங்கல் இல்லை, சுற்றிய உறையில் கிழிசல் இல்லை. மணி மட்டும் ஏழு துண்டாகக் கிடந்தது. துண்டுகளை மேசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. விரிசல்கள் எல்லாம் உள்பக்கத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருந்தன. மணியின் நாக்கு போய்த் தட்டும் இடம் அது. வெளியிலிருந்து யாரும் அதை உடைக்கவில்லை. பெட்டி எங்கோ விழுந்தபோது நாக்கு உள்ளேயிருந்து ஓங்கி அடித்துவிட்டது.

நான் மணி சேர்ப்பவன் என்று முன்பும் இங்கே எழுதியிருக்கிறேன். பித்தளை, வெண்கலம், கண்ணாடி, சுட்ட மண், பீங்கான் எல்லாம் உண்டு. ஓர் ஊரைப் புகைப்படமாகப் பார்த்தால் எனக்கு அந்த ஊர் திரும்பி வராது. அங்கே வாங்கிய மணியை அசைத்தால் வந்துவிடும். அதனால் வெளிநாடு போனால் இரண்டோ மூன்றோ வாங்காமல் வருவதில்லை. நான்கு வாரப் பயணத்தின் முதல் நாளிலேயே கனமான வெண்கல மணி கிடைத்துவிட்டால், மீதி இருபத்தேழு நாளும் அதைச் சுமக்க முடியாது. பீங்கானைப் பையில் வைத்துக்கொண்டு ரயில், பஸ், விமானம் என்று மாறுவது இன்னும் மோசம். ஆகவே வீட்டுக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். பத்து வருடமாக அனுப்புகிறேன். தெரிந்துகொண்டதில் பெரும்பகுதி இழந்த பிறகு தெரிந்துகொண்டதுதான்.

அந்தப் பீங்கான் மணிக்குப் பிறகு வந்த பயணத்தில், மணி மட்டுமே விற்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். இதை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னதும் அவர் மணியைத் தலைகீழாகப் பிடித்தார். மெல்லிய தாளைக் கிழித்து நாக்கைச் சுற்றினார். அப்புறம் தாளை உருட்டி உருட்டி உள்ளே திணித்து, நாக்கு எந்தப் பக்கமும் அசையாதபடி நடுவில் நிறுத்தினார். நூலால் ஒரு சுற்று, ஒரு முடிச்சு. குலுக்கிப் பார்த்தார், சத்தமே இல்லை. "முதலில் வாயைக் கட்ட வேண்டும். உடம்புக்குப் போர்வை அப்புறம்" என்றார். நான் ஐந்து சுற்று சுற்றிய போர்வையை நினைத்துக்கொண்டேன்.

மணி சேர்க்காதவர்களுக்கும் இது பொருந்தும். உள்ளே காலியாக இருக்கும் எந்தப் பொருளையும் முதலில் உள்ளே நிரப்புங்கள். கெண்டியின் வயிறு, கிண்ணத்தின் குழி, பொம்மையின் கைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள சந்து எல்லாமே இதில் சேரும். மூடி இருந்தால் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். கைப்பிடி, மூக்கு என்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பவைதான் முதலில் உடையும். அவற்றைச் சுற்றி மட்டும் தாளைத் தடிப்பாக வைத்து, மொத்த உருவமும் முட்டை மாதிரி ஆகும்வரை சுற்றுவேன். செய்தித்தாளை மட்டும் நேராகப் படவிட மாட்டேன். மெருகில்லாத மண் பாண்டத்தில் அச்சு மை ஏறிவிட்டால் போகாது. அரக்குப் பூச்சு உள்ள பொருளில் பபிள் ரேப்பை நேரடியாகச் சுற்றினால் வெப்பத்தில் குமிழியின் வட்டங்கள் பூச்சில் பதிந்துவிடும். அங்கே முதலில் வெள்ளைத் தாள், பிறகுதான் குமிழி.

பெட்டிக்குள் பெட்டி வைப்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. உள்பெட்டியைச் சுற்றி ஆறு பக்கமும் சுமார் ஐந்து சென்டிமீட்டர் இடம் விட்டு, கசக்கிய தாளால் இறுக்கமாக அடைத்துவிட வேண்டும். ஆறு பக்கமும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 'இந்தப் பக்கம் மேல்' என்று அம்புக்குறி போட்டாலும், பார்சல் ஓடும் பெல்ட்டுகளில் எது மேல் எது கீழ் என்பது ஒவ்வொரு திருப்பத்திலும் மாறும். அதே காரணத்தால் உலோகத்தையும் பீங்கானையும் ஒரே பெட்டியில் வைப்பதை விட்டுவிட்டேன். கனமானதைக் கீழே வைத்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பெட்டி கவிழ்ந்தவுடன் அது மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவும் செய்து அனுப்பிய ஒரு பெட்டி, வழியில் திறக்கப்பட்டு வந்து சேர்ந்தது. சுங்கத்தில் பிரித்துப் பார்த்ததற்கான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பார்ப்பது அவர்கள் வேலை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நான் அடுக்கியிருந்த வரிசை போயிருந்தது. உள்பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை, தாள் பாதிதான் திரும்ப வந்திருந்தது, இரண்டு கண்ணாடி மணிகள் ஒன்றோடொன்று உரசிக் கீறியிருந்தன. முதல் நாள் கோபம்தான் வந்தது. மறுநாள் அதே பெட்டியை எடுத்து, நானே அதை முதல்முறை பார்க்கும் ஆளாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தேன். கத்தியால் அறுத்தால்தான் திறக்கும். அறுத்த டேப்பைத் திரும்ப ஒட்ட வழியில்லை. எந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று வெளியில் எழுதவில்லை, அதனால் எல்லாவற்றையும் அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்த பிறகு எது எங்கே இருந்தது என்று எனக்கே நினைவில்லை. நூறு பெட்டிகள் காத்திருக்கும் மேசையில் நிற்பவர் எப்படித் திரும்ப அடுக்குவார்?

அன்றிலிருந்து கட்டும் முறையையே மாற்றிக்கொண்டேன். பெட்டி வீடு சேரும்வரை யாரும் தொட மாட்டார்கள் என்று கட்டுவதை நிறுத்திவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் நடுவழியில் இதைத் திறப்பார், திறந்து பார்த்துவிட்டுப் பத்திரமாக மூடுவார் என்று வைத்துக்கொண்டுதான் இப்போது கட்டுகிறேன். ஒவ்வொரு பொருளின் உறையிலும் ஓர் எண் இருக்கும். உள்ளே மேலாக ஒரு தாள். அதில் எண்வாரியாக என்ன பொருள், எதனால் ஆனது, என்ன மதிப்பு என்று எழுதி, அடுக்கி முடித்த பெட்டியின் படத்தையும் அச்செடுத்து வைத்துவிடுவேன். பொருளைச் சுற்றி டேப் ஒட்ட மாட்டேன், நூலால்தான் கட்டுவேன். நூல் முடிச்சை அவிழ்க்கலாம், திரும்பப் போடலாம். எங்காவது டேப் தேவைப்பட்டால் அதன் நுனியை மடித்து, பிடித்து இழுக்க ஒரு காது விட்டுவைப்பேன். இதற்கெல்லாம் கூடுதலாக அரை மணி நேரம்தான் ஆகிறது.

உள்ளே வைக்கும் அந்தத் தாளும் வெளியே ஒட்டும் சுங்கப் படிவமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தபாலில் அனுப்பினால் மதிப்பு குறைந்த சிறு பொதிகளுக்குச் சிஎன்22 என்ற படிவம், அதற்கு மேல் சிஎன்23. எல்லைக்கோடு 300 எஸ்.டி.ஆர். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு அது, கவுன்டரில் உள்ளவர் அந்த ஊர்ப் பணத்தில் சொல்லிவிடுவார். இந்தப் படிவங்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான். 1874-இல் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடிப் போட்ட உடன்படிக்கையிலிருந்து வளர்ந்த உலக அஞ்சல் ஒன்றியம் செய்த வேலை அது. இன்று அதில் 192 நாடுகள் இருக்கின்றன. மொழி தெரியாத ஊரின் தபால் கவுன்டரில் நிற்கும்போது, எனக்குப் பழக்கமான ஒரே தாள் அந்தப் படிவமாகத்தான் இருக்கும்.

ஒருமுறை அதில் 'நினைவுப் பொருட்கள்' என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டேன். பெட்டி மூன்று வாரம் சுங்கத்தில் நின்றது. நினைவுப் பொருள் என்பது எனக்கு அது என்னவாகத் தெரிகிறது என்பதைத்தான் சொல்கிறது. பொருள் என்ன என்று சொல்லவில்லை. அது கத்தியாக இருக்கலாம், சங்காக இருக்கலாம், விதை மாலையாக இருக்கலாம். இப்போது 'பித்தளைக் கைமணி, புதியது, அலங்காரத்துக்கு, 1, 420 கிராம்' என்று எழுதுகிறேன். பக்கத்தில் பண்டக் குறியீட்டு எண்ணும் போடுகிறேன். 1988 முதல் உலகம் முழுக்கப் பயன்படும் ஆறு இலக்க எண் அது. சாதாரண உலோக மணிகளுக்கும் சேகண்டிகளுக்கும் 8306.10 என்று தனி இடமே இருப்பதைக் கண்டுபிடித்த நாள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பீங்கான் அலங்காரப் பொருளானால் 6913.10. 2021 தொடக்கத்திலிருந்து, பொருள் உள்ள தபால் பொதிகளின் விவரத்தைப் பெட்டிக்கு முன்பே மின்னணு வழியில் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆகவே கையால் எழுதிய தெளிவில்லாத படிவம் கிளம்பும் இடத்திலேயே நின்றுவிடக்கூடும்.

மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்பவர்கள் உண்டு. கடைக்காரர்களே சொல்வார்கள். நான் எழுதுவதில்லை. பெட்டி தொலைந்தால் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது. அதைவிட, உள்ளே ரசீதும் வெளியே வேறு தொகையுமாக இருந்தால், திறந்து பார்ப்பவர் மற்ற எதையும் நம்ப மாட்டார். எனக்கு நானே வாங்கியதை 'அன்பளிப்பு' என்று குறிப்பதும் அப்படித்தான்.

கையில் கொண்டுபோனால் அனுமதிக்கப்படும் பொருள், அனுப்பினால் அனுமதிக்கப்படாமல் போகலாம். எனக்கு இது தெரிய வெகுநாள் ஆனது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பயணிகளின் சொந்தப் பொருட்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உதாரணமாக, கரீபியக் கடலின் ராணிச் சங்கை ஒருவர் மூன்று வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுபோகலாம். ஆனால் அந்த விலக்கு உடலில் அணிந்ததற்கும், கையில் உள்ளதற்கும், கூட வரும் பெட்டியில் உள்ளதற்கும், குடிபெயரும்போது வரும் வீட்டுச் சாமான்களுக்கும்தான். அதே சங்கைத் தபாலில் போட்டால் விலக்கு இல்லை, சீட்டு வேண்டும். வரியிலும் பல நாடுகளில் இதே கதைதான். பயணிக்கான வரிச்சலுகை கூட வரும் பெட்டிக்குத்தான், பின்னால் வரும் பார்சலுக்கு வேறு கணக்கு. சில நாடுகளில் பின்னால் பார்சல் வருகிறது என்று விமான நிலையத்திலேயே எழுதிக்கொடுத்தால் சலுகை கிடைக்கும். கிளம்பும் முன்பே உங்கள் நாட்டுச் சுங்கத் தளத்தில் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். அங்கே போனபின் படிக்க நேரம் இருக்காது.

மணியில் கைப்பிடிதான் ஆபத்து. மேசை மணி ஒன்றைப் பழம்பொருள் சந்தையில் எடுத்துப் பார்த்தேன். கைப்பிடி மஞ்சள் பாரித்த வெள்ளை. எலும்புதான் என்றார் விற்றவர். எலும்பாக இருந்தால் வெட்டுமுகத்தில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். யானைத் தந்தமாக இருந்தால் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். வெளிச்சத்தில் திருப்பினேன். கோடுகள் இருந்தன. ஆசிய யானை 1975 முதலே பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஆப்பிரிக்க யானையைச் சேர்க்க 1989-இல் முடிவெடுத்தார்கள். மணியின் ஒலி இன்னும் காதில் இருக்கிறது. கீழே வைத்துவிட்டு வந்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ரோஸ்வுட் கைப்பிடிகளுக்கு விதி இவ்வளவு கடுமை இல்லை. 2017-இல் அந்த மரப் பேரினம் முழுவதும் சைட்டீஸின் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு வந்தாலும், செய்து முடித்த பொருளில் அந்த மரம் ஒரு பொதிக்குப் பத்து கிலோவுக்குள் இருந்தால் ஒப்பந்தப்படி விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட் போன்ற சிலவற்றுக்கு அந்த விலக்கு கிடையாது. எது எந்த ரோஸ்வுட் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது என்பதால், மரத்தின் பெயர் எழுதிய ரசீது இல்லாமல் நான் வாங்குவதில்லை.

இன்னொரு மணியை இருநூறு வருடப் பழசு என்றார்கள். வெண்கலத்தில் பச்சை ஏறி, விளிம்பில் தேய்ந்த எழுத்துகள். யுனெஸ்கோவின் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தம் பண்பாட்டுச் சொத்து என்று வரையறுப்பதில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருட்களும் பழைய இசைக்கருவிகளும் வருகின்றன. சொன்ன வயது உண்மையானால் வெளியே கொண்டுபோக அந்த நாட்டின் அனுமதி வேண்டியிருக்கும். பொய்யானால் பொய்யை விலை கொடுத்து வாங்குகிறேன். எந்த ஊர்க் கோபுரத்திலிருந்து இறங்கியதோ என்ற நினைப்பும் வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அதன் ஒலி தெரிந்திருக்கும்.

மாட்டு மணியில் வேறு சிக்கல். மலைப்பக்கம் ஒரு பண்ணையில், மாட்டின் கழுத்திலிருந்தே கழற்றிக் கொடுத்தார்கள். தோல் பட்டையில் மயிரும், மடிப்புகளில் காய்ந்த சேறும் ஒட்டியிருந்தன. அந்த அழுக்கில்தான் அதன் வாழ்க்கை இருக்கிறது, கழுவக் கூடாது என்றே முதலில் தோன்றியது. ஆனால் கோமாரி நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உயிரோடு பயணம் செய்யும். ஒரு மணிக்காக இன்னொரு நாட்டின் மாடுகளுக்கு அந்த நோயைக் கொண்டுபோகும் உரிமை எனக்குக் கிடையாது. பட்டையைக் கழற்றி அவர்களிடமே கொடுத்துவிட்டு, மணியைச் சோப்புப் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் விடுதி ஜன்னலில் காயவைத்தேன். வைக்கோலில் பொதிந்து தருகிறேன் என்றார்கள், அதையும் வேண்டாம் என்றேன். வைக்கோலில் விதையும் பூச்சியும் வரும். மரப்பெட்டியானால் கோதுமைக்கதிர் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தின் உள்பகுதிவரை 56 டிகிரியில் முப்பது நிமிடம் சூடேற்றியது அல்லது வேறு முறையில் பூச்சி நீக்கியது என்பதற்கான அடையாளம் அது. அட்டைப்பெட்டிக்கு அந்தக் கவலையே இல்லை.

எதில் அனுப்புவது என்பதற்கு நான் அதிகம் யோசிப்பதில்லை. கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வரும் எடையையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, கூடுதலானதற்குத்தான் கட்டணம் போடும். 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டியில் இரண்டு கிலோ பீங்கான் இருந்தாலும் கணக்கில் அது 7.2 கிலோ. எனவே சிறிய கனமான வெண்கலத்துக்குக் கூரியர், பெரிய லேசான பெட்டிக்குத் தபால். அவசரமில்லாத உலோகத்தைக் கப்பல் வழித் தபாலில் போடுவதும் உண்டு. சில மாதம் ஆகும். கடல் ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு சேர்த்து வைப்பேன்.

ரசீதை உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் வெயிலில் வெளுத்துவிடும். ஒருமுறை பணப்பையில் வைத்திருந்த ரசீதில் ஓர் இலக்கம் அழிந்து, அது 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் போய்விட்டது. பன்னாட்டுத் தபால் எண்ணில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து இருக்கும். அந்த ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பதற்காகவே வைத்தது. முதல் எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் அது வர வேண்டும். 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் வைத்துக்கொள்வார்கள். விடுதி அறையில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன். 8 போட்டபோது சரியாக வந்தது. என் பெட்டி ஏற்கெனவே விமானத்தில் இருந்தது.

போன மாதம் வந்த பெட்டியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். உள்ளே நான்கு மணிகள். அவற்றில் ஒன்று, உடைந்துபோன முதல் மணியைப் போலவே மெல்லிய பீங்கான். இந்த முறை நான் வீட்டில் இருந்தேன், அக்காவும் இருந்தாள். பெட்டியின் பக்கவாட்டில் சுங்க ஸ்டிக்கர். திறந்திருக்கிறார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினாள். "சத்தமே இல்லையே" என்றாள்.

மேலாக என் தாள் இருந்தது. நான்கு வரிகளுக்கு எதிரேயும் நீல மையில் சின்னச் சின்ன டிக். நான் நீலப் பேனா எடுத்துப் போகவே இல்லை. உருண்டைகள் படத்தில் இருந்த அதே வரிசையில் இருந்தன. பீங்கான் மணியை எடுத்து உறையைப் பிரித்தேன். உள்ளே திணித்த தாள் இருந்தது, நாக்கு நடுவில் அசையாமல் நின்றது. நூலும் என் நூல்தான். முடிச்சு மட்டும் என்னுடையது இல்லை. நான் எப்போதும் ஒற்றை முடிச்சுதான் போடுவேன். இது இரண்டு காது வைத்த முடிச்சு, ஷூ லேஸுக்குப் போடுவதுபோல. ஒரு நுனியை இழுத்தால் தானாக அவிழும்.

இழுத்தேன். தாளை எடுத்துவிட்டு மணியை அக்காவிடம் கொடுத்தேன்.